காரைக்கால் அம்மையாருக்குச் சதை பூசாதீர்கள்

கோயில் திருப்பணிக் குழுக்களில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும், சுதை வேலை செய்யும் ஸ்தபதிகளுக்கும், நாயன்மார் படம் எழுதும் ஓவியர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்து முடிந்தது. கோபுரம் பளிச்சென்று இருக்கிறது, தளவரிசை புதுசு, மடைப்பள்ளிக் கூரை இனி ஒழுகாது. குறை சொல்ல வரவில்லை. ஆனால் மண்டபத்துச் சுதை வேலையில் ஒன்று மட்டும் மனசில் நிற்காமல் உறுத்துகிறது. நடராசர் ஆடும் காட்சியில், காலடியின் ஓரத்தில், தாளம் தட்டிக்கொண்டு காரைக்கால் அம்மையார் உட்கார்ந்திருப்பார். பழைய சுதையில் விலா எலும்பு வரிவரியாகத் தெரியும், வயிறு உள்ளே ஒட்டிப்போயிருக்கும், தலைமுடி விரிந்து கிடக்கும். கை வைத்தவர் யாரோ, நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். இப்போது அதே இடத்தில் கன்னத்தில் ரோஸ் நிறம் பூசி, கை கால் திரண்டு, அரக்குக் கரை வைத்த வெள்ளைச் சேலையும் குங்குமமுமாக ஒரு அம்மாள் இருக்கிறார். கல்யாண வீட்டுக்கு முதல் நாளே வந்துவிட்ட அத்தை மாதிரி.

குழுவில் இருந்த ஒருவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், கைக்காசும் போட்டவர். "பார்க்க லட்சணமா இருக்கணும்ல சார்? எலும்புக்கூடு மாதிரி இருந்தா ஜனங்க நின்னு கும்பிடுமா? குழந்தைங்க அழுதுடும்" என்றார். அவர் கேட்டதற்கு அன்றைக்கு அங்கே நின்றுகொண்டு பதில் சொல்ல முடியவில்லை, பந்திக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கும், அவரைப் போலவே நினைத்து வேலை செய்யும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவன். சிவப்பு விளக்கெரியும் டார்க் ரூமில் ஆரம்பித்து கம்ப்யூட்டர் திரையில் முடிந்த வேலை. அதனால் எலும்பைப் பற்றி எனக்கு ஒரு பாசம் உண்டு. அந்தப் பாசத்தை நீங்கள் தள்ளுபடி செய்துகொள்ளலாம். அம்மையார் விஷயத்தில் எனக்குச் சாட்சி என் தொழில் இல்லை, பெரியபுராணம் பாடிய சேக்கிழார்.

கதை எல்லாருக்கும் தெரியும். காரைக்கால் வணிகர் வீட்டுப் பெண் புனிதவதி, இரண்டு மாங்கனி, பயந்துபோய்க் கப்பலேறிய கணவன் பரமதத்தன், பாண்டிநாட்டில் அவனுக்கு இன்னொரு கல்யாணம், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயர். உறவினர்கள் இவரைச் சிவிகையில் ஏற்றி அங்கே கூட்டிப்போக, அவன் மனைவி மகளோடு வந்து காலில் விழுகிறான். நமக்கு முக்கியம் அதற்கு அடுத்த நொடி. இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதியைக் கழித்துவிட்டு, உன் தாளைப் போற்றும் பேய்வடிவை எனக்குத் தா என்று கேட்கிறார். கேட்டதும் கிடைக்கிறது. ஊனடை வனப்பை எல்லாம் உதறி எற்புடம்பே ஆனார் என்கிறார் சேக்கிழார். யாரும் சாபம் கொடுக்கவில்லை, நோய் வரவில்லை, பட்டினி போடவில்லை. அவராகக் கேட்டு வாங்கிய உடம்பு அது. அதன் மேல் நாம் ஒரு கோட்டு சிமெண்டும் ஒரு கோட்டு பிங்க் பெயிண்டும் அடித்து, அவர் உதறியதைத் திரும்பப் பூசிக் கொடுக்கிறோம்.

சேக்கிழார் இதோடு விடவில்லை. அந்த வடிவத்தை யார் யார் எப்படிப் பார்த்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். வானத்திலிருந்து பூமாரி பெய்கிறது, முனிவர்கள் மகிழ்கிறார்கள், பூதகணங்கள் கூத்தாடுகின்றன. சுற்றத்தார்? தொழுது, அஞ்சி, அகன்று போனார்கள். ஒரே எலும்புடம்புதான், ஒரே நேரம்தான். ஒருத்தருக்குக் கொண்டாட்டம், இன்னொருத்தருக்கு ஓட்டம். கயிலைக்குப் போகும் வழியிலும் பார்த்தவர்கள் ஓடுகிறார்கள். அது காதில் விழுந்தபோது அம்மையார் சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்தது: அண்டர் நாயகனார் என்னை அறிந்தால் போதும், உண்மை அறியாத எண்திசை மாக்களுக்கு நான் எவ்வுருவாய் இருந்தால் என்ன? கயிலையில் தலையாலே நடந்து ஏறி வரும் அந்த எலும்பு யாக்கையைக் கண்டு உமையம்மை வியந்து கேட்க, சிவன் சொல்வது அதைவிட ஒரு படி மேல். இவள் நம்மைப் பேணும் அம்மை, இந்தப் பெருமைசேர் வடிவத்தை வேண்டிப் பெற்றவள் என்கிறார். பெருமைசேர் வடிவு. லட்சணம் போதாது என்று நீங்கள் திருத்தியது அதைத்தான்.

அம்மையாரே தன் பாட்டில் இந்த உடம்பை எழுதியும் வைத்திருக்கிறார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டே ஒரு பெண்பேயின் உருவப்படம். சுருங்கிய கொங்கை, எழுந்து நிற்கும் நரம்பு, குழிந்த கண், வெண்பல், ஒட்டிய வயிறு, சிவந்த தலைமுடி, உயர்ந்த கணுக்கால், நீண்ட கணைக்கால். எக்ஸ்ரே அறையில் நாங்கள் ஒரு உடம்பைப் பார்ப்பது போலவே எதையும் விடாமல் பார்க்கிறார், எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பேய் அலறித் திரியும் காட்டில்தான் தன் அப்பன் அங்கம் குளிர்ந்து ஆடுகிறான் என்று முடிக்கிறார். பாட்டின் கடைசியில் தன்னைக் காரைக்கால் பேய் என்றே கையெழுத்துப் போடுகிறார். தமிழில் பதிகம் பாடியவர்களில் மூத்தவர், தேவார மூவருக்கும் முந்தியவர். அவர் தன்னைப் பார்த்த பார்வையைவிட நம்முடைய காலண்டர்ப் பார்வை பெரிதாகப் போய்விட்டதா?

இனி ஸ்தபதிகளிடம் நேராகவே பேசுகிறேன், ஏனென்றால் இதில் உங்கள் முன்னோர் செய்த வேலை சாதாரண வேலை கிடையாது. சோழர் காலத்துச் செம்பில் பெண் உருவம் என்றாலே நமக்குத் தெரியும்: அகன்ற தோள், ஒடுங்கிய இடை, ஒசிந்த நிலை. தென்னங்கீற்றை மடித்து அளவெடுத்து, மெழுகில் குங்கிலியம் கலந்து உருட்டி, காவிரி வண்டல் பூசிக் காயவைத்து வார்க்கும் அந்தக் கைகளுக்கு சிவகாமியும் பார்வதியும் கண்ணை மூடிக்கொண்டு வரும். அதே கைகள்தான் அம்மையாரையும் வார்த்தன. அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்து நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்னொன்று. கான்சாஸ் நகரத்துப் படிமத்தின் படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வற்றித் தொங்கும் மார்பு, குச்சியான கைகள், விரல்களில் தாளம். ஆனால் முதுகு எப்படி நிமிர்ந்திருக்கிறது! அந்த வயதில், அந்த உடம்பில் முதுகு கூன வேண்டும். கூனவில்லை. உதட்டில் பாட்டு இருக்கிறது. தோள் எலும்பின் மேட்டில் வெளிச்சம் விழுந்து கழுத்துக் குழியில் நிழலாகிறது. சதை இருந்தால் அந்த நிழலுக்கு இடமே இருக்காது. வார்த்தவர் அசிங்கத்தை வார்ப்பதாக நினைத்துக்கொண்டு வார்த்திருந்தால் இப்படி வந்திருக்காது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் ராசேந்திரன் கட்டிய கோயிலின் நடராசர் மாடத்திலும் அவர் இருக்கிறார். கடல் தாண்டிக் கம்போடியாவில், 967இல் நிலைநிறுத்தப்பட்ட பந்தியாய் ஸ்ரீ கோயிலில் ஆடும் சிவனின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வற்றிய பெண்ணையும் அம்மையார் என்றுதான் ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். கெமர் சிற்பிக்கு அந்த எலும்பு தேவைப்பட்டது. அதை எடுத்துவிட்டால் யார் என்றே தெரியாது. அதுதான் இப்போது எங்கள் ஊர் மண்டபத்திலும் நடக்கிறது. புதுச் சுதையைப் பார்த்து, "இது யாரு, மீனாட்சியம்மனுக்குத் தோழியா?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை.

சரி, சைவத்துக்கு எலும்பு என்றால்தான் பிடிக்கும் என்று சொல்ல வருகிறேனா? அதுவும் இல்லை. மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவையை உயிர்ப்பிக்கும் நிகழ்ச்சி. பாம்பு கடித்து இறந்த மகளின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் சிவநேசர். சம்பந்தர் பதிகம் பாட, குடத்திலிருந்து பருவப் பெண்ணாக எழுந்து வருகிறாள் பூம்பாவை. அவளுடைய அழகைச் சேக்கிழார் கூந்தலில் தொடங்கிப் பாதம் வரை வர்ணித்துத் தள்ளுகிறார். அன்றைக்கே பிற்பகலில் அறுபத்துமூவர் வீதியுலா, அதில் அம்மையாரும் வருகிறார். காலையில் எலும்பு பெண்ணாகிறது, மாலையில் பெண்ணாக இருந்து எலும்பானவர் வீதி வருகிறார். இருவருமே வணிகர் வீட்டுப் பெண்கள். இரண்டையும் ஒரே புலவர் ஒரே நூலில் பாடினார், ஒரே கூட்டம் ஒரே நாளில் கும்பிடுகிறது. நம் ஆட்களுக்கு இரண்டு அழகும் தாங்கும். நீங்கள்தான் ஒன்று போதும் என்று முடிவு கட்டுகிறீர்கள்.

காரைக்காலில் ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் புனிதவதிக்குத் திருக்கல்யாணம் நடக்கும்போது மணப்பெண்ணாக அலங்காரம் செய்கிறார்கள். மிகவும் சரி. அது அந்தக் கட்டத்தின் உருவம். பட்டும் நகையும் பூவும் அங்கே வேண்டும். நடராசர் காலடியில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பவர் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்.

குழந்தைகள் அழும் என்பதற்கு வருகிறேன். என் அனுபவத்தில் எலும்பைப் பார்த்துக் குழந்தைகள் அழுதது மிகக் குறைவு. படம் எடுக்கும்போது அழும். இருட்டு அறை, பெரிய மெஷின், அம்மா வெளியே நிற்கிறாள். படத்தைக் காட்டினால் அழுகை நின்றுவிடும். "இது என் கையா?" என்று கேட்டுக்கொண்டு தன் கையை ஃபிலிமுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். குழந்தையின் மணிக்கட்டில் பெரியவர்களுக்கு இருக்கும் எட்டுச் சின்ன எலும்பும் பிறந்தவுடனே தெரியாது. முதலில் இரண்டு தெரியும், பிறகு வருஷத்துக்கு ஒன்று என்பது போல ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும். அதை வைத்தே வயது சொல்லிவிடலாம். மூன்று வயதுக் கை ஒன்றில் விரல் எலும்புகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு மிதக்கும், நடுவில் இருப்பது குருத்தெலும்பு, அது படத்தில் விழாது. வளர வேண்டிய இடம் எல்லாம் கறுப்பாக இருக்கும். எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு அது சலித்ததில்லை.

பெரியவர்கள்தான் முகத்தைத் திருப்புவார்கள். இது புதுசும் இல்லை. 1895 டிசம்பரில் ரான்ட்ஜன் தன் மனைவி பெர்த்தாவின் கையைப் படம் எடுத்துக் காட்டியபோது, விரல் எலும்பில் மோதிரம் தொங்குவதைப் பார்த்து, "என் சாவைப் பார்த்துவிட்டேன்" என்று அந்த அம்மாள் சொன்னதாகச் சொல்வார்கள். ரான்ட்ஜனுக்கோ வாழ்நாளின் மகத்தான படம். அதற்குக் கிடைத்த புகழில் 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே போயிற்று. கணவன் மனைவிக்குள்ளேயே ஒத்துப்போகாத விஷயத்தில் ஊர் முழுக்க ஒத்துப்போக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எலும்பு அசுபம், கோயிலுக்குள் ஆகாது என்பார்கள் சிலர். கோயிலில் கபாலம் ஏந்திய பைரவரைக் கும்பிடுகிறோம். சப்தமாதர் வரிசையில் சாமுண்டி இருக்கிறாள். மூன்று காலோடு நிற்கும் பிருங்கி முனிவர் இருக்கிறார், அம்பிகை தன் பங்கான சதையையும் ரத்தத்தையும் எடுத்துக்கொள்ள, நிற்க முடியாதவருக்குச் சிவன் மூன்றாவது கால் கொடுத்தது. அவருக்கு யாரும் இன்னும் தொப்பை வைக்கவில்லை, அதுவரை சந்தோஷம். வீட்டிலும்தான் என்ன? காடாற்று அன்று பால் தெளித்து எலும்பு பொறுக்கியவர்கள்தானே நாம் எல்லாரும். அப்பாவுடைய எலும்பைக் கையில் எடுத்தபோது அருவருப்பு வந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மற்ற ஊர்களில் எப்படி என்று சும்மா ஒரு பார்வை பார்த்தால், உங்களுக்கு வேலையில் பயன்படக்கூடிய ஒன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது. ஹால்ஷ்டாட் என்று ஏரிக்கும் மலைக்கும் நடுவில் இடுங்கிய ஊர். கல்லறைக்கு இடம் பத்தாது. அதனால் புதைத்துச் சில ஆண்டுகள் கழித்துத் தோண்டி, மண்டை ஓட்டை வெயிலில் வெளுக்கவைத்து, நெற்றியில் பெயரும் தேதியும் எழுதி, சுற்றிலும் ரோஜா, ஓக் இலை, ஐவிக் கொடி என்று வரைந்து, குடும்பம் குடும்பமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மொத்தம் 1,200க்கும் மேல், அதில் 600 போல வர்ணம் தீட்டியவை. கடைசியாக வந்தது 1995இல், 1983இல் இறந்த ஒரு பெண்ணுடையது, அவரே விரும்பிக் கேட்டுக்கொண்டது. கவனியுங்கள், அங்கேயும் பெயிண்ட் இருக்கிறது. ஆனால் அந்த ஊர் ஓவியர் எலும்பின் மேல் பூ வரைந்தார், எலும்பு தெரிகிற மாதிரி வரைந்தார்.

மெக்சிகோ இன்னும் கலகலப்பு. நவம்பர் முதல் இரண்டு நாளும் செத்தவர்கள் வீட்டுக்கு வருகிற நாள். சர்க்கரையில் மண்டை ஓடு செய்து நெற்றியில் பெயர் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், உயிரோடு இருப்பவர் பெயரே எழுதுவதும் உண்டு. நாம் மாலை கட்டும் செண்டுமல்லியைத்தான் கொட்டிக் கொட்டி வழியமைப்பார்கள். அந்தப் பூவுக்குப் பூர்வீகமே மெக்சிகோதான். அங்கே ஹோசே குவாதலூப்பே போசாதா என்ற அச்சுச் செதுக்கர் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு எலும்பு முகத்துக்கு இறகு வைத்த பெரிய தொப்பி மாட்டிவிட்டார். ஐரோப்பிய வேஷம் போட்ட சொந்த ஜனத்தைக் கிண்டல் செய்த படம் அது. கேலிக்குப் பிறந்த அந்த எலும்புப் பெண் இன்றைக்கு அந்த நாட்டின் அழகி, பெண்கள் அவளைப் போல வேஷமிட்டு வீதியில் நடக்கிறார்கள். திபெத்தில் சிதிபதி என்று இரண்டு எலும்புக்கூடுகள் கை கோத்து ஆடும்.

எல்லாமே எனக்குப் பிடிக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். செக் நாட்டில் செட்லெட்ஸ் என்ற இடத்தில் பல்லாயிரம் பேரின் எலும்பை வைத்து 1870இல் ரின்ட் என்ற மரச்செதுக்கர் சரவிளக்கு செய்திருக்கிறார், ஒரு பிரபுக் குடும்பத்தின் இலச்சினை செய்திருக்கிறார். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அசந்து நிற்கிறார்களாம். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் தொடை எலும்பைத் தொடை எலும்பாக விட்டிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. யாருடைய எலும்பு என்பதும், அவர் சம்மதித்தாரா என்பதும் எனக்கு முக்கியம்.

அந்தச் சம்மதம் என்ற இடத்தில்தான் உங்கள் பக்கத்து நியாயம் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்த ஒரு அம்மா என்னோடு ஒருமுறை திருவாலங்காட்டுக்கு வந்தார். ரத்தினசபை பார்த்து, அம்மையார் முன்னால் வந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். "பசியில கெடக்குற மாதிரி இருக்கு தம்பி. எங்க ஆத்தா கடைசியில இப்படித்தான் இருந்துச்சு. கும்பிடுறேன், பாக்க முடியல" என்றார். அதற்கு நான் சேக்கிழாரை எடுத்துவிடவில்லை. எடுத்துவிடவும் கூடாது.

இந்த மண்ணில் எலும்பும் தோலுமான உடம்பு என்றால் முதலில் ஞாபகம் வர வேண்டியது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாதுவருஷப் பஞ்சம். சாவு ஐம்பது லட்சத்துக்கு மேல். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற சென்னைப் படை அதிகாரி அந்த ஜனங்களை வரிசையாக உட்கார வைத்தும் நிற்க வைத்தும் படம் எடுத்தார். அந்தப் படங்களில் விலா எலும்பு எண்ணக்கூடியதாக இருக்கும், குழந்தைகள் பெரியவர்கள் மடியில் சாய்ந்திருப்பார்கள். ஒளி, அமைப்பு எல்லாம் கச்சிதம். படமெடுத்து முடித்து அவர்களுக்குச் சோறு போடாமலே அனுப்பினார் என்று அந்தக் காலத்திலேயே அவரைத் திட்டினார்கள். அந்த எலும்பை அழகு என்று சொல்கிறவன் வாயில் மண்ணைப் போட வேண்டும். அவர்கள் உதறவில்லை, அவர்களிடமிருந்து பறித்தது. அம்மையாரின் எலும்பையும் பஞ்சத்தின் எலும்பையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது என்பதற்காகத்தான் சிற்பி அந்த முதுகை நிமிர்த்தி வைத்தார், கையில் தாளம் கொடுத்தார், வாயில் பாட்டைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். ஆயாவம்மாவுக்கு அது போதவில்லை. அவர் பார்க்காமல் கும்பிட்டதும் ஒரு கும்பிடுதான். அவருக்காக உருவத்தை மாற்ற வேண்டியதில்லை. அவரும் மாற்றச் சொல்லவில்லை.

பெண்ணை இப்படி வற்ற வைத்துக் காட்டுவது பெண்ணுக்கு அவமானம் என்று ஒரு பேராசிரியை சொல்லிக் கேட்டேன். உடம்பைத் துறந்தால்தான் பெண்ணுக்கு மோட்சமா, நாயன்மார்களில் எந்த ஆணும் அழகைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லையே என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் அதற்காக அம்மையாரின் கன்னத்தில் ரோஸ் பூச அந்தப் பேராசிரியை ஒப்புவாரா என்றால் மாட்டார். கணவன் ஒருத்தனுக்காகத் தாங்கிய அழகு, அவன் வேண்டாம் என்றதும் இனி எனக்கு எதற்கு என்று இறக்கி வைத்தவரை, நாலு பேர் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மறுபடி அலங்கரிப்பது அவருடைய கேள்விக்கும் எதிர்தான்.

இனி காரியத்துக்கு வருவோம். சாரம் கட்டும் முன்பு பழைய சுதையை நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்தும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் விலா வரிகள் விழும். பெயர்ந்துபோன இடத்தில் மட்டும் பூசுங்கள். பள்ளத்தை எல்லாம் நிரப்பி வழவழப்பாக்கிவிட்டு, அப்புறம் பிரஷ்ஷால் கோடு போட்டு விலா எலும்பு என்று காட்டாதீர்கள், அது பனியனில் போட்ட கோடு மாதிரி ஆகிவிடுகிறது. எனாமல் பெயிண்ட் பளபளப்பு எந்த எலும்பையும் சதையாக்கிவிடும். மங்கலான ஒரே நிறம் போதும். முடியைக் கொண்டை போடாதீர்கள், அவரே தன்னைச் செடிதலைக் காரைக்கால் பேய் என்று பாடியிருக்கிறார். காலண்டர் ஓவியர்களுக்கு ஒன்று: பயங்கரமாகக் காட்டுகிறேன் என்று கோரைப்பல்லும் ரத்தக் கண்ணுமாகச் சினிமாப் பேய் எழுதுவதும் சதை பூசுவதும் என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான். பாடிக்கொண்டிருக்கும் வாயை எழுதத் தெரிந்தால் மீதி தானாக வரும்.

ஸ்தபதிகளில் இளைஞர்கள் யாராவது மாதிரி வேண்டும் என்றால், மாணவர்களுக்குப் பாடம் நடத்த வைத்திருந்த பழைய ஃபிலிம்கள் என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன, பெயர் எண் எல்லாம் வெட்டி எடுத்தவை. காறை எலும்பு எந்த இடத்தில் வளைந்து எந்த இடத்தில் திரும்புகிறது, தொடை எலும்பின் கழுத்தில் பாரம் இறங்கும் பாதையிலேயே கோடுகள் எப்படி ஓடுகின்றன, வயதான பெண்ணின் முதுகெலும்பு எங்கே ஒடுங்குகிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். விலா பன்னிரண்டு ஜோடி. பழைய சுதைகளில் ஆறு ஏழு போட்டு நிறுத்தியிருப்பார்கள், அதற்கு மேல் போட்டால் நெரிசலாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்களும் அப்படியே போடுங்கள். எண்ணிக்கை எக்ஸ்ரேக்காரனுக்குத்தான் முக்கியம்.

எங்கள் ஊர்க் குழுவுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். அடுத்த திருப்பணி பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் வரும், அதுவரை காத்திருக்க வேண்டாம். மார்கழிக்கு முன் ஒரு நல்ல நாள் பார்த்து அந்த ஒரு உருவத்தை மட்டும் ஸ்தபதியைக் கூப்பிட்டுச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய விலா உள்ளேதான் இருக்கிறது, மேலே விரல் கனத்துக்குப் பூச்சு, அவ்வளவுதான். ஆள் கூலியும் சாரக் கூலியும் என்னுடைய பென்ஷனிலிருந்து தருகிறேன். ரசீதில் பெயர் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே நுட்புநர் ஒருவர்